கொழும்பு மதிலில் கொடி ரோசா: நோய் தாங்கும் செடியைத் தேர்ந்து, நட்டு, படரவிடும் வழி

வெள்ளவத்தையில் நான் வாங்கிய முதல் கொடி ரோசாவுக்கு ஆயுள் ஐந்து மாதம். மார்ச்சில் வீட்டுக்கு வரும்போது ஏழு பூ. மே மாத மழை தொடங்கி மூன்றாவது கிழமை அடி இலை மஞ்சளானது. ஜூலையில் நடுத்தண்டு வரை மொட்டை. ஓகஸ்டில் மதிலோரம் நின்றது முள் வைத்த ஒரு குச்சி. இரண்டாவது செடிக்கும் அதே கதி. மருந்து அடித்தேன், பசளை போட்டேன், இடம் மாற்றினேன். பிழை எங்கே என்று சொன்னது கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமி. அவர் வீட்டுப் படலைக்கு மேலே ஒரு வெளிர் ரோசா நிறக் கொடி, எனக்குத் தெரிந்து இருபது வருடமாக, மருந்தே காணாமல் பூத்துக்கொண்டிருக்கிறது.

"தம்பி, நீர் பூவைப் பாத்து வாங்கினீர். அடி இலையைப் பாத்து வாங்கியிருக்க வேணும்."

கொழும்பில் ரோசா வளர்க்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பூ எந்தச் செடியிலும் வரும். இந்த ஊர் மழையில் இலையைப் பிடித்துவைத்திருக்கும் செடிதான் அபூர்வம். கீழே வரும் குழி, கம்பி, கத்தரிப்பு எல்லாம் அந்த இலையைக் காப்பாற்றும் வேலைகளே.

இலையைத் தின்பது யார்?

கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. சராசரி வெப்பம் 27, 28 பாகை. குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் ரோசாச் செடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். நோய்க்கும் அப்போது ஒரு இடைவேளை. இங்கே செடிக்கும் ஓய்வில்லை, நோய் தரும் பங்கசுக்கும் (பூஞ்சணத்துக்கும்) ஓய்வில்லை.

பெரிய எதிரி கரும்புள்ளி நோய். இலையின் மேற்பக்கத்தில் கறுப்பு வட்டம், அதன் ஓரம் நேராக இல்லாமல் மை கசிந்ததுபோல் இழை இழையாக இருக்கும். சுற்றி மஞ்சள் படரும், பிறகு இலை தானாக விழும். விரலால் லேசாகத் தொட்டாலே கழன்றுவிடும். இந்தப் பங்கசின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏழு மணித்தியாலம் அளவாவது ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் பாதித் தோட்டவேலை விளங்கிவிடும். வித்து பெரும்பாலும் காற்றில் பறந்து வருவதில்லை. மழைத்துளி நிலத்தில் விழுந்த இலையில் பட்டுத் தெறித்து அடி இலைக்கு ஏறுகிறது. அதனால்தான் நோய் கீழிருந்து மேலே போகும்.

தென்மேற்குப் பருவமழையைவிட ஒக்டோபர், நவம்பர் மாத மழைதான் எனக்குப் பயம். ஜூன் மழை பெய்தாலும் கடற்காற்று இருக்கும், இடையில் வெயிலும் எட்டிப்பார்க்கும். ஒக்டோபரிலோ பின்னேரம் நாலு, ஐந்து மணிக்கு இடியுடன் கொட்டிவிட்டுக் காற்று நின்றுவிடும். இலை இரவு முழுக்க ஈரம். ஏழு மணித்தியாலம் என்ன, பன்னிரண்டும் கிடைக்கும்.

வட்டப் புள்ளி, நடுவே சாம்பல் நிறம், ஓரத்தில் ஊதா வளையம் என்றால் அது வேறொரு இலைப்புள்ளி. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்துக்காரர். வைத்தியம் ஏறத்தாழ ஒன்றுதான். இலையில் மாப்பூசியதுபோல் வரும் சாம்பல் நோய்க்கு நனைந்த இலை பிடிக்காது, பகல் உலர்ந்து இரவு குளிர வேண்டும். மலைநாட்டில் அது பெரிய தலையிடி, கொழும்பில் சின்னத் தொல்லை. கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகி இறங்குவது இன்னொன்று. வெட்டுக்காயத்தாலும் நலிந்த கிளையாலும் அது நுழையும். சனவரி முதல் மார்ச் வரை வறண்ட நாட்களில் இலைக்கு அடியில் சிற்றுண்ணி வரும். இலை மங்கி, தூசி படிந்ததுபோல் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள்.

எந்தக் குடும்பத்துச் செடி?

"நோய் எதிர்ப்புச் சக்தி உள்ளது" என்று சிட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பொய் என்று சொல்லவில்லை. அந்தச் சோதனை எங்கே நடந்தது என்பதுதான் கேள்வி. கரும்புள்ளிப் பங்கசிலேயே பல இனங்கள் உண்டு. ஒரு நாட்டில் ஓர் இனத்தைத் தாங்கிய செடி, வேறு நாட்டில் வேறோர் இனத்திடம் தோற்கலாம். ஜெர்மனியில் மருந்தில்லாமல் வென்ற ரோசா கொழும்பில் வெல்லும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதைவிட நம்பிக்கை தருவது பரம்பரை. சூடான, ஈரமான ஊரில் பிறந்து வளர்ந்த குடும்பங்களைத் தேடுங்கள். சீன ரோசாக்கள், அவற்றின் வழிவந்த தேயிலை ரோசாக்கள், நொய்செற் ரோசாக்கள் ஆகிய மூன்றும் குளிர் கேட்காமல் ஆண்டு முழுக்கத் துளிர்த்துப் பூப்பவை. நொய்செற்றின் கதை எனக்கு மிகப் பிடித்தது. 1800களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் கரோலைனாவில், சார்ள்ஸ்டன் ஊரில், ஜோன் சம்ப்னீஸ் என்ற நெற்தோட்டக்காரரின் நிலத்தில் ஒரு சீன ரோசாவும் கஸ்தூரி ரோசாவும் கலந்து பிறந்த குடும்பம் அது. நெல் விளையும் ஊர், பக்கத்தில் கடல், கோடையில் புழுக்கம். கேட்கும்போதே எங்கள் ஊர் ஞாபகம் வருகிறதல்லவா?

பெயர் சொல்லிக் கேட்க விரும்பினால் சில:

கொடியாக ஏறும் ஓல்ட் பிளஷ், வெளிர் ரோசா நிறச் சீன ரோசா. முதல் செடி வைப்பவருக்கு இதைத்தான் சொல்வேன். பூ சாதாரணம், ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிய அழகில்லை, ஆனால் ஓயாமல் வரும். மியூற்றாபிலிஸும் சீன ரோசாதான். உண்மையில் புதர், மதிலில் சாய்த்தால் எட்டடிக்கு மேல் ஏறும். ஒரே பூ மஞ்சளாக விரிந்து, ரோசா நிறமாகி, கடைசியில் கருஞ்சிவப்பாகும். ஐந்தே இதழ் என்பதால் மழைநீர் தேங்கி அழுகாது. அது கொழும்பில் சின்ன விஷயமில்லை. நொய்செற் வரிசையில் லமார்க் (1830, வெள்ளை), ரெவ் டோர் (1869, மங்கிய மஞ்சள்), கிரெப்பியூஸ்கியூல் (1904, செம்மஞ்சள், முள் குறைவு). 1864இல் வந்த மரேஷல் நீல் பேரழகு, வாசனையும் அப்படி. ஆனால் கழுத்து மெலிந்தது, மழையில் மொட்டே விரியாமல் அழுகும். கூரை நீண்ட விறாந்தை உள்ளவர் முயலலாம். கருஞ்சிவப்புத்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் 1958இல் வந்த டொன் ஜுவான். வெக்கை தாங்கும், வாசனை உண்டு. கரும்புள்ளியை ஓரளவுதான் தாங்கும் என்று தெரிந்தே வையுங்கள்.

நியூ டோன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1930இல் வந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் முதலாவது தாவரக் காப்புரிமையைப் பெற்ற புகழ்பெற்ற கொடி. குளிர்நாட்டுக்கு அருமையானது. பனிக்காலம் இல்லாத ஊரில் எனக்கு அது இரண்டாம் தெரிவுகூட இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய கொடிகளையும் விட்டுவிடுங்கள். குளிர் கிடைக்காவிட்டால் அவற்றில் பலவும் இலை மட்டும் வளர்த்துக்கொண்டு நிற்கும்.

ஒட்டுச்செடியா (வேறொரு ரோசாவின் வேரில் ஒட்டியது), சொந்த வேரா என்பதும் இங்கே வரும். சீன, நொய்செற் வகைகள் சொந்த வேரிலேயே நன்றாக வாழும். ஒட்டு வாங்கினால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் காட்டுக்கிளையைக் காலமெல்லாம் கிள்ளிக்கொண்டிருக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட பலருக்கு, "செடி நன்றாக வளர்கிறது, பூதான் இல்லை" என்ற நிலை வந்திருக்கிறது. வளர்ந்தது ஒட்டுக்கட்டை.

இன்னொன்று. சென்னைக்குப் போய்வரும்போது பயணப்பெட்டியில் ரோசாத் தடி (நட்டு வளர்க்க வெட்டிய கிளைத்துண்டு) கொண்டுவரும் வேலை வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. தடியோடு என்ன நோய் வரும் என்பதும் தெரியாது.

கடையில் செடியைப் படிப்பது

பத்தரமுல்லைப் பக்கம், தியத உயன வரிசைக் கடைகளில், நீங்கள் போய்ப் பார்த்தால் பெரும்பாலான ரோசாவுக்குப் பெயர் இருக்காது. "இது கொடி, இது சிவப்பு" அவ்வளவுதான். ஆகவே பெயரைவிடச் செடியைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மழை மாதத்தில் போங்கள். பெப்ரவரி வெயிலில் எல்லாச் செடியும் நல்ல பிள்ளை. ஜூனில் அல்லது நவம்பரில், மழை பெய்து இரண்டு கிழமை கழித்து, வரிசையில் நிற்கும் செடிகளை எட்ட நின்று பாருங்கள். பூவை மறைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, கையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு. எந்தச் செடிக்கு அடிவரை இலை இருக்கிறதோ அதனிடம் போங்கள். கீழ் மூன்று இலையைத் திருப்பிப் பாருங்கள். சாடி மண்ணில் உதிர்ந்த இலை கிடக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் விழுந்ததைப் பெருக்கியிருக்கலாம். தண்டில் இலை விழுந்த தழும்பைப் பெருக்க முடியாது.

"இது எங்க வளந்த செடி?" என்றும் கேளுங்கள். ஒருமுறை ஒரு கடைக்காரப் பையன் நேர்மையாகச் சொன்னான்: "நுவரெலியாவுல இருந்து போன கிழமை வந்தது அண்ணே. அங்க நல்லா பூக்கும்." அங்கே நல்லாப் பூக்கும் என்பதுதான் பிரச்சினை. 6,000 அடி உயரக் குளிரில் வளர்ந்த இலை கொழும்புக்கு வந்ததும் என்ன செய்யும்? என் முதல் செடி செய்ததைச் செய்யும். ஹக்கல பூங்காவின் ரோசாத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து அதே ரோசாவைத் தெஹிவளையில் தேடும் ஆசை எல்லோருக்கும் வரும். ரசித்துவிட்டு வந்தால் போதும். கொழும்பிலேயே ஆறு மாதமாவது நின்ற செடி, பூவே இல்லாவிட்டாலும், அதற்கே காசு கொடுங்கள்.

கடையைவிட நல்ல இடம் ஒன்று உண்டு: பழைய வீடுகளின் மதில். பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, வத்தளை ஒழுங்கைகளில் யாரும் கவனிக்காமல் பத்து, இருபது வருடம் நிற்கும் கொடி ரோசா ஏதாவது கண்ணில் படும். அதைவிடப் பெரிய நோய் எதிர்ப்புச் சான்றிதழ் கிடையாது. மணியை அடித்து ஒரு தடி கேளுங்கள். மறுத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தேநீர் தந்தவர் உண்டு.

இடம்

ஆறு மணித்தியால வெயில். அதில் காலை வெயில் கட்டாயம். இரவு நனைந்த இலையை எட்டு மணிக்குள் உலர்த்துவது அதுதான். கிழக்குப் பார்த்த மதில் கிடைத்தால் யோசிக்காதீர்கள். மேற்குப் பார்த்த சீமெந்துச் சுவர் பின்னேர வெயிலை வாங்கி இரவு வரை கக்கும். இலை கருகும், சிற்றுண்ணிக்குக் கொண்டாட்டம்.

மதிலோடு ஒட்டி நட வேண்டாம். ஒன்றரை அடி தள்ளுங்கள். கூரைத் தண்ணீர் சொட்டும் கோடு, மாமரத்தின் அடி, ஏசி இயந்திரத்தின் சூட்டுக்காற்று வரும் இடம் மூன்றும் வேண்டாம். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஒரு சோதனை. மே முதல் செப்டெம்பர் வரை இலையோரம் தீய்ந்தால் அது பங்கசு அல்ல, உப்பு. கட்டடத்தின் மறைவில் வையுங்கள். மழை இல்லாமல் காற்று மட்டும் அடித்த நாட்களில் விடியவே இலையை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

குழியும் மண்ணும்

இரண்டடி அகலம், இரண்டடி நீளம், இரண்டடி ஆழம். கொழும்பில் தோண்டும்போது இரண்டில் ஒன்று வரும்: கபுக் கலந்த இறுகிய செம்மண், அல்லது வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன உடைந்த செங்கல்லும் சீமெந்துக் கட்டியும். முதலாவதற்கு அலவாங்கு வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை. சீமெந்துத் துண்டை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும், இரும்புச்சத்து எடுபடாமல் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளடிக்கும்.

தோண்டியபின் குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் இறங்கினால் நல்லது. அடுத்த நாளும் நின்றால் அந்த இடத்தில் குழியில் நடாமல் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் வரம்பு கட்டி மேடையில் நடுங்கள். யாழ்ப்பாணத்தில் தென்னைக்குச் செய்வதுபோல் குழியின் அடியில் பொச்சுமட்டை அடுக்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது தண்ணீரைப் பிடித்துவைக்கும் வித்தை, வறண்ட ஊருக்கு உகந்தது. கொழும்பில் ரோசாவின் காலடியில் தண்ணீரைப் பிடித்துவைத்து யாருக்கு என்ன லாபம்?

நிரப்பும் கலவை: தோண்டிய மண் ஒரு பங்கு, உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு. கபுக் மண் புளிப்புத்தன்மை கூடியது என்பதால் குழிக்கு இரண்டு கைப்பிடி டொலமைற். அது மழை கழுவிப்போகும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் திருப்பிக் கொடுக்கும். எப்பாவல பொஸ்பேற் ஒரு கைப்பிடி போடலாம். மெதுவாகக் கரைவது, புளிப்பு மண்ணில்தான் கரையும், வருடக்கணக்கில் நிற்கும் செடிக்குப் பொருத்தம். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், வேர் வெந்துவிடும்.

மாடிவீட்டுக்காரர் சாடியில் வைக்கலாம். 18 அங்குலத்துக்குக் குறைந்தது வேண்டாம், 24 என்றால் உத்தமம். கலவையில் மண்ணைக் குறைத்துத் தும்புத்தூள் சேருங்கள், பாரம் குறையும். சாடிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீர் வேரை அழுக வைப்பது ஒருபுறம், டெங்கு நுளம்பு மறுபுறம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ரோசாத் தட்டுக்குள் குடம்பியைக் காட்டினால், பூவைக் காட்டித் தப்ப முடியாது.

நடும் நாள்

நான் டிசம்பர் கடைசியில் நடுகிறேன். இரவு சற்றுக் குளிரும், மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், முன்னால் சனவரி, பெப்ரவரி என்று இலை உலர்ந்திருக்கும் இரண்டு மாதம். மார்ச் கடைசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஏப்ரல், மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் புதுச்செடி நடுவது, நீந்தத் தெரியாத பிள்ளையை வெள்ளத்தில் இறக்குவது மாதிரி.

பொலித்தீன் பையை வெட்டி எடுத்ததும் வேர்ப்பந்தின் அடியில் சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் இருக்கட்டும். குளிர்நாட்டு நூல்களில் அதைப் புதைக்கச் சொல்வார்கள், அது பனிக்காக. நட்டதும் அடி இலைகளில் நிலத்திலிருந்து ஓரடி வரை உள்ளவற்றைக் கிள்ளிவிடுங்கள். தெறிக்கும் மழைக்கு முதல் படி இல்லாமல் போகும். பின் இரண்டு அங்குலத்துக்குத் தும்பு அல்லது காய்ந்த இலை மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கம்பியும் கட்டும்

கொடி ரோசா என்கிறோமே தவிர, அது மல்லிகையைப்போலச் சுற்றாது, பாகற்கொடியைப்போல சுருளிக்கை நீட்டாது. நீண்ட கிளை, பின்னோக்கிய முள், அவ்வளவுதான். ஏற்றிவிடுவது நம் வேலை.

மதிலில் ஆணி அடித்து, கல்வனைஸ் கம்பியைக் குறுக்காக ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக இழுங்கள். கம்பி சுவரைத் தொடக்கூடாது, மூன்று அங்குலமாவது விலகி நிற்க வேண்டும். இலைக்குப் பின்னால் காற்று ஓட அதுதான் வழி. சாதாரண இரும்புக் கம்பி இந்தக் கடற்காற்றில் நிலைக்காது. எனது முதல் கம்பி இரண்டு வருடத்தில் துருப்பிடித்து அறுந்து, பூத்த கொடி முழுக்க ஒரு ஜூன் இரவில் பக்கத்து வீட்டுக்காரரின் கார்மீது சாய்ந்தது. அவர் நல்ல மனிதர். முள்கீறல் இன்னும் இருக்கிறது.

இனிக் கிளையை வளைப்பது. இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கிளை நேராக மேலே போனால் நுனிமொட்டு கீழேயுள்ள கண்களையெல்லாம் (துளிர் கிளம்பும் இடங்களை) அடக்கிவைக்கும். பூ உச்சியில் மட்டும் வரும், நமக்குத் தெரிவது மொட்டைத் தண்டு. அதே கிளையைக் கிடைமட்டமாக, அல்லது 45 பாகைச் சாய்வில், விசிறிபோல் கட்டினால் அந்த அடக்குமுறை தளரும். இரண்டு மூன்று கிழமையில் கிளையின் மேற்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு இலைத்தழும்புக்கு மேலேயும் அரிசிமணி அளவில் ஒரு சிவப்பு முனை எட்டிப்பார்க்கும். அது ஒவ்வொன்றும் ஒரு பூங்கிளை. ஆறடிக் கிளையில் நான் பதினேழு எண்ணியிருக்கிறேன்.

ஒரே நாளில் வளைக்காதீர்கள். பென்சில் மொத்தத்தில், இன்னும் பச்சையாக இருக்கும்போது தொடங்கி, கிழமைக்கு ஒரு சாண் கீழே இறக்குங்கள். விடியற்காலை கிளை தண்ணீர் குடித்து விறைப்பாக இருக்கும், படக்கென்று முறியும். பின்னேரம் செய்யுங்கள். கட்டப் பழைய பருத்திச் சேலைக் கிழிசல் போதும். கம்பிக்கும் கிளைக்கும் இடையில் ஒருமுறை முறுக்கி, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். நைலோன் கயிறு பட்டையை அறுக்கும், அந்தக் காயம்தான் கருகலுக்கு வாசல்.

தண்ணீர், பசளை

காலையில், வேரடியில். இலைக்கு மேலே பூவாளி பிடிக்கும் பழக்கத்தை, அதுவும் பின்னேரத்தில், விட்டுவிடுங்கள். மழை இல்லாத கிழமையில் நிலத்துச் செடிக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு வாளி. சாடிக்கு நாள்தோறும்.

பசளையைக் கொஞ்சமாக, அடிக்கடி. ஒருமொத்தமாகப் போட்டால் அடுத்த மழை அதைக் கானுக்குள் கொண்டுபோய்விடும். மாதத்துக்கு ஒருமுறை ஒரு சட்டி கூட்டெரு, அதோடு நைதரசன் குறைந்து பொட்டாசியம் கூடிய கலப்புப் பசளை ஒரு மேசைக்கரண்டி. யூரியாவை அள்ளிப்போட்டு இலை பளபளவென்று வந்தால் மகிழ வேண்டாம். அந்த மெத்தென்ற இலைதான் நோய்க்கு முதல் விருந்து. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை இருந்த மாதங்களில் என் செடிக்குக் கூட்டெருவும் வடித்த தேயிலையும் மட்டும்தான். பூ சற்றுக் குறைந்தது, இலையில் ஒரு குறையும் இல்லை. மீன் கழுவிய தண்ணீர் நல்லதுதான், ஆனால் ஒழுங்கையிலுள்ள பூனையெல்லாம் வேரடியைக் கிளறும்.

வெட்டு

முதல் இரண்டு வருடம் காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள். சட்டகம் உருவாகும் காலம் அது. பிறகு வருடத்துக்கு ஒருமுறை, சனவரி நடுவில், மழை ஓய்ந்து வெயில் பிடித்ததும் செய்யலாம். கிடைமட்டக் கிளையிலிருந்து எழும்பிய பூங்கிளைகளை இரண்டு, மூன்று கண் விட்டு வெட்டுங்கள். மிகவும் கிழண்டு, பட்டை சாம்பலாகிய ஒரு தண்டை அடியோடு எடுத்துப் புதுத்தண்டுக்கு இடம் விடுங்கள். சீன, நொய்செற் வகைகளுக்குக் கத்தி மென்மையாக இருக்கட்டும், கடும் வெட்டு அவற்றுக்குப் பிடிக்காது.

வெட்டும் நாளில் மழை இல்லாதிருக்க வேண்டும். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கருகிய கிளையானால் கருகலுக்குக் கீழே இரண்டு அங்குலம் இறங்கி, வெட்டுமுகம் வெண்பச்சையாகத் தெரியும் வரை. நடுவே பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் இறங்குங்கள். பூத்து முடிந்ததை, ஐந்து சிற்றிலை கொண்ட அடுத்த இலையின் கணுவுக்கு மேலே வெட்டினால் ஆறேழு கிழமையில் மறுபடி பூ.

நோய் வந்தேவிட்டால்

நல்ல செடியிலும் நவம்பரில் சில இலை போகும். அதற்குப் பதற வேண்டாம். செடியில் பாதிக்கு மேல் இலை நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

புள்ளி கண்ட இலையை உலர்ந்த நேரத்தில் கிள்ளுங்கள், விழுந்ததையும் பொறுக்குங்கள். கூட்டெருக் குழிக்குள் போடாமல் கட்டி, உக்கும் குப்பையோடு அனுப்பிவிடுங்கள். மூடாக்கின் மேற்படையை மாற்றுங்கள். மழைக்காலத்தில் கிழமைக்கு இருமுறை இந்தப் பொறுக்கல், பத்து நிமிட வேலை. எந்தப் போத்தல் மருந்தையும்விடப் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

பங்கசுநாசினி அடிப்பதானால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மன்கோசெப் போன்றவை இலைமேல் படலமாக நின்று புது வித்தைத் தடுக்கும். வந்த புள்ளியை ஆற்றாது. ஆகவே மழை தொடங்குமுன் அடிக்க வேண்டியது, இலை கொட்டியபின் அல்ல. சிட்டையிலுள்ள அளவை மீறாதீர்கள், கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். கந்தகம் 32 பாகைக்கு மேல் இலையைச் சுடும் என்பதால் கொழும்புப் பகலுக்கு நான் அதை எடுப்பதில்லை. சிற்றுண்ணிக்கு முதலில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், காலையில், மூன்று நாள் விட்டு மூன்று முறை. போகாவிட்டால் வேப்பெண்ணெயைச் சில துளி சவர்க்கார நீரோடு தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் மெல்லிதாக. சிற்றுண்ணி வரும் மாதங்கள் மழைக்காலம் இல்லாததால் பின்னேரம் அடிப்பதில் பயமில்லை.

இரண்டு மழைக்காலம் இவ்வளவும் செய்தும் ஒரு செடி இரண்டு முறையும் மொட்டையானால், பிடுங்குங்கள். மனம் கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. அது நின்ற இடத்தில் மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு மாற்றிவிட்டு வேறு வகை வையுங்கள்.

தடி எடுத்து வளர்ப்பது

நின்று காட்டிய செடியைப் பெருக்குவது கடையில் புதிது வாங்குவதைவிட நல்ல தேர்வு. பூத்து உதிர்ந்த கிளையில், பென்சில் மொத்தத்தில், எட்டு அங்குலத் தடி. முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் சுத்தமாகக் கழன்று விழ வேண்டும். அதுதான் சரியான முற்றல். அடியைக் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, உச்சியில் இரண்டு இலை மட்டும் விட்டு, ஆற்று மணலும் தும்புத்தூளும் பாதிக்குப் பாதி கலந்த சாடியில் பாதி ஆழத்துக்குச் செருகுங்கள். அடி வெட்டிய ஒன்றரை லீற்றர் போத்தலை மேலே கவிழ்த்து, மூடியைத் திறந்துவிட்டு, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். துளிர் வந்தது என்று இழுத்துப் பார்க்காதீர்கள், துளிர் முதலில் வரும், வேர் பிறகு. ஆறு கிழமை விடுங்கள்.

தடி பிடிக்காத வகைக்குப் பதியம். கீழ்க்கிளையை வளைத்து, அடிப்பட்டையில் சிறு கீறல் போட்டு, மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல். மூன்று மாதம்.

மாமி தந்த ஐந்து தடியில் எனக்கு வேர் பிடித்தது இரண்டு. ஒன்று என் மதிலில், இப்போது பன்னிரண்டடி. மற்றது அந்தக் கார்க்காரர் வீட்டில்.